சுவருக்கு அந்தப்பக்கம் நூல் நூற்றவர்கள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரில் லொரேட்டோ என்றொரு ஒடுக்கமான தெரு இருக்கிறது. பெரிய சதுக்கத்தில் தேவாலயத்தின் பக்கவாட்டில் தொடங்கி, முன்பு சூரியக் கோயில் இருந்த திசையில் போகிறது. இரண்டு பக்கமும், ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் காலத்துக் கல்சுவர்கள். சாந்து எதுவும் கிடையாது. கல்லோடு கல் அப்படியே பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. 3,400 மீட்டர் உயரத்தில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். இடது பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கூட வந்த வழிகாட்டி தங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சூரியக் கோயிலின் சுவர்களில் பதித்திருந்த தங்கத் தகடுகள், ஸ்பானியர்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்து உருக்கிய கதை. நடுவில் நான் சாய்ந்திருந்த சுவரைக் காட்டி, இது அக்லாவாசி, தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் வீடு என்று சொல்லிவிட்டு மறுபடியும் தங்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் நடந்த முக்கியமான வேலை நூற்பதும் நெய்வதும். சோளத்திலிருந்து சிச்சா என்ற பானம் காய்ச்சுவதும் அவர்கள் பொறுப்புதான். ஆனால் இன்கா அரசு எதை உலகத்திலேயே உயர்ந்ததாக நினைத்ததோ, அது இங்கே தறியிலிருந்து இறங்கியது. ஊர் திரும்பிய பிறகும் பல மாதம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, அழகையும் அதற்குப் பின்னால் இருந்த வாழ்க்கைகளையும் தனித்தனியாகப் பார்க்க முடியாமல் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் துணியைப் பார்ப்போம். இன்கா நாட்டில் இரண்டு வகைத் துணி இருந்தது. ஒன்று அவஸ்கா. எல்லா வீடுகளிலும் நெய்த சாதாரணத் துணி; உடுத்தவும் போர்த்தவும் ஆனது. ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்கு நெய்ததோடு, அரசுக்காகவும் அவஸ்கா நெய்து கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கான கம்பளி அரசின் மந்தைகளிலிருந்து வரும். பருத்தி அரசின் நிலங்களிலிருந்து வரும். உழைப்பு மட்டும் குடும்பத்தினுடையது. படைவீரர்கள் உடுத்தியதும் போர்த்தியதும் இந்தத் துணிதான்.

இன்னொன்று கொம்பி. இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழிச் சொல். ஸ்பானியர்கள் இதைக் கும்பி என்று எழுதினார்கள். அல்பாகா, விகுன்யா போன்ற விலங்குகளின் மெல்லிய மயிரில் நூற்ற நூலால், சிறப்பாகப் பழகிய கைகள் மட்டுமே நெய்த துணி இது. மன்னரும், மன்னர் யாருக்குக் கொடுத்தாரோ அவர்களும் மட்டுமே உடுத்தலாம். கையில் எவ்வளவு வசதி இருந்தாலும் ஒருவர் தானாக வாங்கி உடுத்திக்கொள்ள வழியில்லை. அதை விற்கும் சந்தையே கிடையாது.

1532 நவம்பரில் கஹமார்கா ஊரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் ஆட்கள் அதாவல்பா மன்னரைப் பிடித்தார்கள். பிசாரோவின் செயலாளராக இருந்த ஃபிரான்சிஸ்கோ தெ ஹெரெஸ் அங்கே பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். ஊரில் துணிக் கிடங்குகள் இருந்தன. மூட்டை மூட்டையாகக் கட்டிய துணி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. படையில் இருந்தவர்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்ட பிறகும் கிடங்குகள் நிரம்பியே இருந்தன என்கிறார். வேறு இடங்களில், பின்வாங்கிய இன்கா படைகள் இப்படிப்பட்ட கிடங்குகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயின. எதிரியின் கையில் எது சிக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சரி, அப்படி என்னதான் இருந்தது அந்தத் துணியில்?

வாஷிங்டன் நகரில் டம்பார்டன் ஓக்ஸ் என்ற அருங்காட்சியகத்தில் ஓர் உன்கு இருக்கிறது. உன்கு என்பது ஆண்கள் அணிந்த கையில்லாத மேலாடை. தோளிலிருந்து முழங்கால் அளவுக்குத் தொங்கும். இது சுமார் 90 சென்டிமீட்டர் உயரம், 77 சென்டிமீட்டர் அகலம். பாவு (தறியில் முதலிலேயே இழுத்துக் கட்டும் நூல்) பருத்தி, ஊடை (அதன் குறுக்கே கோத்துப் போகும் நூல்) கம்பளி. இதன் புகைப்படத்தைக் கணினியில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, பல இரவுகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முன்னும் பின்னும் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள், மொத்தம் 300-க்கு மேல். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு வடிவம்: குறுக்குக்கோடு, சாய்சதுரம், படிக்கட்டு, சாவி போல ஒரு வளைவு. இந்தச் சதுரங்களுக்குத் தொகாபு என்று பெயர். இருபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு தொகாபு வடிவங்கள் மாறி மாறி வருகின்றன. இவற்றை எழுத்து என்று நினைத்து வாசிக்க முயன்றவர்கள் உண்டு. எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாசிப்பு ஒன்றும் இதுவரை வரவில்லை.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதில் ஒரு சதுரத்தை. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், மேலே கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு முக்கோணம். அது ஒரு குட்டி உன்கு. இன்கா படைவீரர்கள் அணிந்த சதுரங்கக் கட்டச் சீருடையை நகத்தளவுக்குச் சுருக்கி ஆடைக்குள் ஆடையாக நெய்திருக்கிறார்கள். அந்தச் சீருடையும் கற்பனை இல்லை. அப்படிப்பட்ட முழு உன்குகள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கஹமார்காவில் அதாவல்பாவின் பல்லக்குக்கு முன்னால் தரையில் கிடந்த துரும்புகளைப் பெருக்கியபடி வந்த வீரர்கள் சதுரங்கப் பலகை போன்ற சீருடை அணிந்திருந்தார்கள் என்று ஹெரெஸ் எழுதியிருக்கிறார்.

எப்படி நெய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சாதாரணத் துணியில் ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே ஓட்டமாகப் போகும். கொம்பியில் அப்படிப் போகாது. சிவப்பு நூல் சிவப்புச் சதுரத்தின் எல்லை வரை போய்த் திரும்பிவிடும். பக்கத்துச் சதுரத்தின் மஞ்சள் நூல் அதே எல்லைக்கு வந்து திரும்பும். அப்படியே விட்டால் இரண்டு நிறங்களுக்கும் நடுவில் ஒரு கீறல் விழும். பெருவின் கடற்கரைப் பகுதிகளில் பழைய காலத்தில் அப்படிக் கீறல் விட்டும் நெய்தார்கள். இன்கா நெசவாளர்கள், அவர்களுக்கு முன்பு வாரி மக்கள் நெய்ததுபோலவே, எல்லையில் ஒரு நூலை இன்னொன்றோடு கோத்துத் திருப்பினார்கள். கீறல் இல்லை, துணி உறுதி. ஒரு வரிசை முடிவதற்குள் எத்தனை நிற மாற்றம் வருகிறதோ அத்தனை முறை விரல் நின்று, கோத்து, திரும்ப வேண்டும். ஊடையை மிக நெருக்கமாக அடித்து இறக்குவதால் பாவு நூல் வெளியே தெரியவே தெரியாது. ஓர் அங்குலத்துக்குள் 200-க்கும் மேற்பட்ட ஊடை நூல்கள் அடங்கிய உன்குகள் இருக்கின்றன. ஓர் அங்குலம் என்பது கட்டைவிரல் அகலம்தான்.

நூல்முனைகளை எல்லாம் துணிக்குள்ளேயே மறைத்துவிடுவார்கள். அதனால் கொம்பிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. புரட்டிப் போட்டாலும் அதே தெளிவு. 1653-இல் இன்கா நாட்டைப் பற்றி விரிவாக எழுதி முடித்த பெர்னபே கோபோ என்ற பாதிரியாரும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். உடுத்துகிறவர் உடம்பில் படும் பக்கம் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. அதற்கும் அதே உழைப்பு.

இன்னொன்று, ஆண்டிஸ் மலை மக்கள் நெய்த துணியை வெட்டித் தைப்பதில்லை. எந்த அளவு தேவையோ அந்த அளவுக்கே தறியில் பாவு கட்டுவார்கள். நான்கு ஓரமும் தறியிலேயே முடிந்துவிடும். உன்குவின் கழுத்துத் திறப்பைக்கூட வெட்டுவதில்லை, நெய்யும்போதே திறப்பு விட்டு நெய்துவிடுவார்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே துண்டாக நெய்து, நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் தைத்தால் ஆடை தயார். அந்தப் பக்கத் தையலின் மேல் பல நிறத்தில் பூவேலை. கீழ் ஓரத்தில் வளைந்து நெளிந்து போகும் ஒரு கோடு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆடையை உடுத்தும்போது எது குறுக்கே போகிறதோ, அதுதான் தறியில் பாவு. அதாவது தறி உயரம் குறைவு, அகலம் அதிகம். கிட்டத்தட்ட 180 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துணி விரிந்து நிற்கும். நெய்கிறவர் கண்ணுக்கு எல்லா வடிவங்களும் பக்கவாட்டில் படுத்தே கிடக்கும். நிமிர்ந்த தொகாபுவை ஒருவர் முதல்முறை பார்ப்பது, வேலை முழுதும் முடிந்து தறியிலிருந்து இறக்கிய பிறகுதான். அதுவரை எல்லாம் மனக்கணக்கு.

சாயமும் ஒரு தனி உலகம். சிவப்புக்குக் கொச்சினீல் என்ற பூச்சி. சப்பாத்திக்கள்ளியின் மேல் வெள்ளைப் பூஞ்சை படிந்தாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும். காயவைத்து இடித்தால் இரத்தச் சிவப்பு. நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்கும் பச்சைக்கும் மலைச்செடிகளின் பூவும் இலையும். நிறம் பிடிக்கப் படிகாரம். (இந்தச் சாயப்பூச்சியை வளர்க்கும் ஆசையில்தான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார்.)

நூலில் உயர்ந்தது விகுன்யா. ஒட்டக இனத்தின் மிகச் சின்ன விலங்கு, பழக்க முடியாதது. மயிர் 12, 13 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். இன்கா காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து மலைச்சரிவில் வளையமாக நடந்து, விகுன்யாக் கூட்டத்தை வளைத்துப் பிடித்து, மயிர் கத்தரித்து, திரும்ப ஓட விட்டுவிடுவார்கள். சாக்கு என்று அதற்குப் பெயர். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நடத்துவதில்லை; மயிர் வளர அவகாசம் விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். ஸ்பானியர்கள் வந்த பிறகு துப்பாக்கி வந்தது, கொன்றுவிட்டு உரித்தார்கள். 1960-களில் பெருவில் சில ஆயிரம் விகுன்யாக்களே மிஞ்சியிருந்தன. 1967-இல் பாம்பா கலேராஸ் காப்பிடம் அமைத்துப் பாதுகாத்ததால் இன்று மறுபடி பெருகியிருக்கின்றன. சாக்குவும் திரும்பி வந்திருக்கிறது.

இனி நெய்தவர்கள்.

ஆண்களில் கொம்பி நெய்தவர்களைக் கொம்பிகமாயுக் என்றார்கள். கமாயுக் என்றால் ஒரு வேலையைத் தன் பொறுப்பாகக் கொண்டவர். இவர்களுக்கு வேறு அரசு வேலை கிடையாது; சாலை போட, வயலில் இறங்க, போருக்குப் போக யாரும் கூப்பிட மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க நெசவு. டிட்டிகாக்கா ஏரியின் வடகரைப் பக்கம் மில்லிராயா என்ற இடத்தில், வாய்னா காபாக் மன்னர் 1,000 கொம்பி நெசவாளர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றினார். பக்கத்திலேயே குயவர்களின் குடியிருப்பு. சொந்த ஊரிலிருந்து பெயர்த்து நட்ட ஊர் அது. சலுகையும் உண்டு, திரும்பிப் போகும் வழி மட்டும் கிடையாது.

பெண்கள் அக்லாக்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று பொருள். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். அரசின் அதிகாரி மாகாணம் மாகாணமாகப் போவார். 10 வயது அளவில் உள்ள சிறுமிகளைப் பார்த்து, அழகும் பிறப்பும் பார்த்து, குறித்துக்கொள்வார். அந்த வீட்டில் மறுப்புச் சொல்ல இடமில்லை. மாகாணத் தலைநகரில் உள்ள அக்லாவாசிக்கு அழைத்துப் போவார்கள். அங்கே மாமகுனா என்ற மூத்த பெண்கள் நூற்கவும் நெய்யவும் சிச்சா காய்ச்சவும் நாலு ஆண்டு சொல்லிக்கொடுப்பார்கள். கெச்சுவாவில் மாமா என்றால் அம்மா. அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த சிறுமிகள், அந்த வீட்டில் ஆசிரியையை அம்மா என்றே கூப்பிட்டிருப்பார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாலு ஆண்டுக்குப் பிறகு பிரித்துவிடுவார்கள். சிலர் கோயிலுக்கு. சிலர் மன்னருக்கு. சிலரை மன்னர் தன் தளபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் மனைவியாகக் கொடுப்பார். சிலர் அங்கேயே இருந்து மாமகுனா ஆகி, அடுத்து வரும் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். சிலரை மலையுச்சியில் பலி கொடுப்பார்கள். கொம்பியும் அக்லாவும் ஒரே கையிலிருந்து, ஒரே காரணத்துக்காகப் பரிசாகக் கொடுக்கப்பட்டதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இது வெறும் செவிவழிச் செய்தி இல்லை. மத்தியப் பெருவின் மேட்டுநிலத்தில் ஹுவானுகோ பாம்பா என்ற இன்கா நகரம் கைவிடப்பட்ட நிலையில் அப்படியே கிடக்கிறது. பக்கத்துக் குன்றில் வரிசை வரிசையாக 497 கிடங்குகள். 1970-களில் அங்கே அகழ்ந்த க்ரேக் மோரிஸ், மதில் சூழ்ந்த ஒரு வளாகத்தைக் கண்டார். உள்ளே ஒரே மாதிரியான சுமார் 50 கட்டடங்கள், உள்ளே போக ஒரே ஒரு வாசல். தரையைத் தோண்டத் தோண்ட, கையால் சுழற்றி நூல் நூற்கும் தக்ளியின் வட்டுகள், எலும்பில் செய்த நெசவுக் கருவிகள், சிச்சாவுக்கான பெரிய ஜாடிகளின் உடைசல்கள். ஐம்பது வீட்டுக்கும் ஒரே வாசல் என்ற அந்த விவரம் எனக்கு நூறு பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டது.

மன்னர் இந்தத் துணியை வைத்து என்ன செய்தார்? ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத் தெளிவாக்கியது. ஒரு நாட்டை வென்றதும் இன்கா மன்னர் அந்த நாட்டுத் தலைவருக்குக் கொம்பி கொடுப்பார். பார்க்கப் பெருந்தன்மை. ஆனால் அதை வாங்கி உடுத்துகிறவர் தான் வெல்லப்பட்டதை ஒப்புக்கொள்கிறார். இனி ஆண்டுதோறும் தன் மக்களின் உழைப்பைத் தர வேண்டியவராகிறார். போரில் வீரம் காட்டியவருக்கும் கொம்பி, கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்தவும் கொம்பி. வாய்னா காபாக் வடக்கே போரில் இருந்தபோது மனம் கசந்த குஸ்கோ பிரபுக்கள் படையை விட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மன்னர் அவர்களைத் தடுத்து நிறுத்தியது துணியும் உணவும் அள்ளிக் கொடுத்துத்தான். அங்கே புழங்கும் பணம் இல்லை. விசுவாசத்தை எண்ணிக் கையில் கொடுக்க ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் கொம்பி.

கடவுளுக்கும் அதுதான் காணிக்கை. நெய்ததும் தீயில் போட்டு சூரியனுக்கு எரித்தார்கள். மலையுச்சிகளில் புதைத்த கையளவு வெள்ளிப் பொம்மைகளுக்குக்கூடக் குட்டிக் கொம்பி நெய்து, குட்டி ஊசி குத்தி, இறகுக் கொண்டை வைத்து உடுத்தினார்கள்.

அதாவல்பா சிறையில் இருந்தபோது நடந்த ஒன்றைப் பெட்ரோ பிசாரோ எழுதியிருக்கிறார். இவர் பிசாரோவின் உறவுக்காரர். அன்று இளைஞர், எழுதும்போது வயதானவர். மன்னர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவு ஒரு துணுக்கு உடையில் சிந்திவிட்டது. எழுந்து உள்ளே போய், உடை மாற்றி, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு போர்வையோடு திரும்பி வந்தார். பெட்ரோ கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். பட்டுத் துணியைவிட மென்மை. இது எதில் செய்தது என்று கேட்டார். தும்பேஸ், புவெர்ட்டோ வியேஹோ பக்கம் இரவில் பறந்து ஆட்களைக் கடிக்கும் பறவைகளின் மயிர் என்று பதில் வந்தது. வௌவால். இவ்வளவு வௌவால்களை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு மன்னர் சொன்னாராம்: தும்பேஸ், புவெர்ட்டோ வியேஹோ நாய்களுக்கு என் அப்பாவுக்கு உடை நெய்ய அதைப் பிடிப்பதை விட்டால் வேறு என்ன வேலை?

அந்தப் போர்வையின் மென்மையைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்தப் பதில்தான் காதில் நிற்கிறது. ஒவ்வொரு வௌவாலாகப் பிடித்து, அதன் மயிரைச் சேர்த்து, அதை நூலாக்கிய விரல்களை, அவற்றால் நெய்த துணியைப் போர்த்தியிருந்தவர் நினைத்த விதம் அது.

வேறொரு நாள் பெட்ரோ சில பெட்டிகளைப் பார்த்தார். மன்னர் கையால் தொட்டவை எல்லாம் அதில்: கடித்துப் போட்ட எலும்பு, சோளக் கதிரின் சக்கை, உடுத்திக் கழற்றிய ஆடைகள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எரித்து, சாம்பலைக் காற்றில் தூவிவிடுவார்களாம். சூரியனின் பிள்ளை தொட்டதை வேறு யாரும் தொடக் கூடாது. பல மாதம் பலர் நெய்தது, சில முறை உடுத்தியது, சாம்பல். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் சில உன்குகள் எல்லாம் அந்தத் தீக்கும் அப்புறம் வந்த தீக்கும் தப்பியவை.

அக்லாக்களில் ஒருவரின் முகமாவது நமக்குத் தெரியுமா? ஒருவேளை தெரிந்திருக்கலாம். 1999-இல் அர்ஜென்டினா, சிலி எல்லையில் உள்ள யுயையாகோ எரிமலையில், 6,739 மீட்டர் உச்சியில், மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்களை ஜோஹன் ரெய்ன்ஹார்ட்டின் குழு கண்டெடுத்தது. மூத்தவள் சுமார் 13 வயதுப் பெண். உட்கார்ந்த நிலையில், தலை கவிழ்ந்து, தூங்குவதுபோல இருக்கிறாள். தலைமுடி முழுவதும் மெல்லிய சடைகள். அந்தச் சடைகளை ஆராய்ந்தார்கள். முடி வளர வளர அந்தந்த மாதம் சாப்பிட்டது அதில் பதிந்துவிடும். சாவதற்குச் சுமார் ஓர் ஆண்டு முன்பு வரை சாதாரண மலைக்குடும்பத்தின் உணவு. அப்புறம் திடீரென்று சோளமும் இறைச்சியும். கடைசி வாரங்களில் கோகா இலையும் சிச்சாவும் மிக அதிகம். அவள் ஓர் அக்லாவாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. போகவும் மாட்டேன். அவள் அனுமதி கேட்காமல் அவளை இடம்பெயர்த்தது ஒருமுறை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பானியர்கள் வந்தபின் அக்லாவாசிகள் சிதைந்தன. கொம்பிகமாயுக்குகள் புதிய எசமானர்களுக்கு நெய்தார்கள்: கட்டில் விரிப்பு, தேவாலயத் திரை, குடும்பச் சின்னம். பட்டு நூலும் வெள்ளிச் சரிகையும் துணிக்குள் வந்தன. இன்கா வம்சத்தில் வந்தவர்கள் விழாக்களில் உன்கு அணிவது தொடர்ந்தது. 1780-இல் அந்த வம்சத்தில் வந்த இரண்டாம் துபாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். 1781 மே மாதம் குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் அவரைக் கொன்றார்கள். அந்தத் தண்டனைத் தீர்ப்பிலேயே இன்கா உடைகளுக்கும் தடை வந்தது. ஓர் உடையை அரசு அந்த அளவுக்குப் பயந்தது. குஸ்கோ அக்லாவாசி இருந்த இடத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தா கத்தலீனா கன்னியர் மடம் எழுந்தது. நான் சாய்ந்து நின்ற சுவருக்குள் மறுபடியும் பெண்கள், மறுபடியும் மூடிய கதவு.

குஸ்கோவிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் சிஞ்சேரோ என்ற மலைக்கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு நெசவுக் கூட்டுறவின் முற்றத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். தறியின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை இடுப்பில். அவர்கள் நெய்வது கொம்பி வகை அல்ல. பாவு நூல் மேலே தெரியும் வகை, அவஸ்காவின் வழியில் வந்தது. ஆனால் கருவி பழையது. லாமா என்ற மலைவிலங்கின் எலும்பைக் கூர்மையாக்கிய ஒரு துண்டு, பெயர் ருக்கி. அதை நூல்களுக்கு நடுவே செருகி வெடுக்கென்று இழுத்து ஊடையை இறுக்குவார்கள். பிடிக்கும் இடம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, தந்தம் போல மினுங்கியது.

ஒரு மூத்த அம்மா உள்ளங்கையில் ஒரு காய்ந்த பூச்சியை வைத்து விரலால் நசுக்கினார். கை சிவந்தது. எலுமிச்சை ஒரு சொட்டு விட்டார், ஆரஞ்சு ஆனது. வேறொரு பொடியைக் கலந்தார்; ஊதா. நூல் நூற்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே புஷ்கா என்ற தக்ளியையும் ஒரு பிடி அல்பாகாக் கம்பளியையும் என் கையில் கொடுத்தார். அரை மணி நேரம் முயன்றேன். ஓர் இடத்தில் தடித்தது, ஓர் இடத்தில் மெலிந்து அறுந்தது. இதற்குள் அவர் எழுந்து நடமாடி, பேரனை அதட்டி, பக்கத்திலிருந்தவரோடு பேசி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே தன் தக்ளியில் பல முழம் நூற்றுவிட்டார். வாரி மக்களின் ஒரு மேலாடைக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் நூல் தேவைப்பட்டது என்று பின்னால் படித்தபோது, அந்த அரை மணி நேரம்தான் நினைவுக்கு வந்தது.

நான் நூற்றது இரண்டு முழம் இருக்கும். அதை நினைவுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார். பிறகு தக்ளியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றி, முறுக்கைப் பிரித்து, விரலால் கோதி, மறுபடியும் கம்பளியாக்கினார். தன் மடியில் இருந்த பொதியோடு அதைச் சேர்த்துக்கொண்டு நூற்க ஆரம்பித்தார்.